குழுவில் யாரும் சேர்த்துக்கொள்ளாத மாணவர்: டிஏ ஒருவரின் கடிதத்துக்குப் பதில்

வாசகர் கடிதம் (சுருக்கம்):

டெக்சாஸில் ஓர் அரசுப் பல்கலைக்கழகத்தில் கணினி அறிவியலில் பிஎச்டி செய்கிறேன். இரண்டாம் ஆண்டு லேப் ஒன்றுக்கு நான்தான் டிஏ, அதாவது பேராசிரியருக்கு உதவியாக வகுப்பைக் கவனிக்கும் மாணவர். முப்பது பேர் உள்ள வகுப்பில் கறுப்பின மாணவர் ஒருவர்தான். குழுவாகச் சேரச் சொன்னால் ஒவ்வொரு முறையும் அவர் மட்டும் மிஞ்சுகிறார். நானே ஒரு குழுவில் சேர்த்துவிட்டாலும், கோடு (கணினி நிரல்) எழுதும் வேலையை மற்றவர்கள் வைத்துக்கொண்டு அவருக்கு ஸ்லைடு போடும் வேலையைக் கொடுக்கிறார்கள். போன மாதம் ஒருவன் அவரிடம், "நீ ஃபுட்பால் ஸ்காலர்ஷிப்பில் வந்தவன்தானே?" என்று கேட்டான். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். அதில் இந்திய வம்சாவளிப் பையன்கள் இரண்டு பேரும் உண்டு. நான் காதில் விழாத மாதிரி இருந்துவிட்டேன். அப்புறம், அவர் தனியாகச் செய்து கொடுத்த ஓர் அசைன்மென்ட் மிக நன்றாக இருந்தது. பேராசிரியர் அதைப் பார்த்துவிட்டு, காப்பி அடித்ததா என்று அவருடையதை மட்டும் சோதிக்கச் சொன்னார். சோதித்தேன், ஒன்றும் இல்லை. இரவில் லேபில் பலர் இருந்தபோது கேம்பஸ் போலீஸ் அவரிடம் மட்டும் ஐடி கேட்டதாகவும் தெரிய வந்தது. இப்போது அவர் வகுப்புக்குச் சரியாக வருவதில்லை.

என்னோடு தங்கியிருக்கும் தமிழ் நண்பர்கள், "கோட்டாவில் வந்திருப்பான், உனக்கெதுக்கு வம்பு, விசாவைப் பார்" என்கிறார்கள். கட்-ஆஃப் எவ்வளவு என்று கேட்டே என் சாதியைத் தெரிந்துகொண்டவர்கள் நடுவில் ஊரில் இன்ஜினியரிங் படித்தவன் நான். அதனால் சும்மா இருக்க முடியவில்லை. இது இனவெறிதானா, இல்லை நான்தான் பெரிதுபடுத்துகிறேனா? பேசினால் என் விசாவுக்கு ஆபத்து வருமா? அவரிடம் போய் என்ன சொல்வது?

பதில்:

அன்புள்ள தம்பிக்கு,

நீங்கள் பெரிதுபடுத்தவில்லை. நீங்கள் எழுதியிருப்பது இனப் பாகுபாடுதான். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் மாணவர் ஆலோசனை மையங்களில் பல ஆண்டுகளாக உளவியலாளராக வேலை பார்ப்பவள் என்ற முறையில் சொல்கிறேன். படிப்பை விட்டுவிடலாமா என்ற யோசனையோடு என் அறைக்கு வரும் கறுப்பின மாணவர்கள் சொல்லும் கதை பெரும்பாலும் இந்த மாதிரிதான் இருக்கும். அதில் பெரிய கலவரமோ பெரிய வசையோ இருக்காது. வாரத்துக்கு வாரம் நடக்கும் சின்ன விஷயங்கள்தான் இருக்கும்.

உங்களுக்கு ஏன் சந்தேகம் வருகிறது என்பதும் புரிகிறது. ஒவ்வொன்றையும் தனியாக எடுத்தால் ஒரு சமாதானம் சொல்லிவிடலாம். நண்பர்கள் நண்பர்களோடு சேர்வது இயல்பு. அவன் கேட்டது விளையாட்டுக்கு. பேராசிரியர் கவனமானவர். போலீஸ்காரர் தன் கடமையைச் செய்தார். இந்த நான்கு சமாதானங்களும் ஒரே மாணவருக்கே தேவைப்படுகின்றன என்பதைக் கவனியுங்கள். மற்ற இருபத்தொன்பது பேரில் யாருக்கும் இதில் ஒன்றுகூடத் தேவைப்படவில்லை.

ஹார்வர்டில் மனநல மருத்துவராக இருந்த கறுப்பினப் பேராசிரியர் செஸ்டர் பியர்ஸ் 1970களிலேயே இதை எழுதிவைத்தார். வெளிப்படையான பெரிய தாக்குதலையே தேடிக்கொண்டிருந்தால் இனவெறியின் பெரும்பகுதி கண்ணில் படாமலே போய்விடும், சின்னச் சின்ன அடிகள் சேர்ந்து ஒரு மனிதரை என்ன செய்கின்றன என்று பார்க்க வேண்டும் என்பது அவருடைய வாதம். மாணவராக இருந்தபோது அவர் ஹார்வர்டின் ஃபுட்பால் ஆட்டக்காரரும்கூட. 1947-ல் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் மைதானத்தில் போய் ஆடினார். தெற்கில் ஒரு வெள்ளையர் பல்கலைக்கழகத்தில் கறுப்பின வீரர் இறங்கி ஆடுவது அப்போது நடக்காத விஷயம். விளையாட்டில் இருப்பவருக்குப் படிப்பு வராது என்ற நினைப்புக்கு அவரே பதில்.

சிரித்தவர்களின் மனதில் வெறுப்பு இருந்ததா என்று நீங்கள் தீர்ப்புச் சொல்லத் தேவையில்லை. அது உங்கள் வேலையும் இல்லை. அந்த லேபில் ஒரு மாணவர் மற்றவர்கள் கற்பதைப் போலக் கற்க முடிகிறதா என்பதுதான் உங்கள் கேள்வி. அவரால் முடியவில்லை. அதற்கு மேல் நிரூபணம் தேட வேண்டாம்.

இந்த இடத்தில் கொஞ்சம் பழைய கதை சொல்ல வேண்டும். நீங்கள் படிக்கும் மாநிலத்தோடு நேரடியாகத் தொடர்புள்ள கதை இது.

1950 ஜூன் 5 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒரே நாளில் இரண்டு தீர்ப்புகள் சொன்னது. ஒன்று, ஹூஸ்டனில் தபால்காரராக இருந்த ஹீமன் ஸ்வெட்டின் வழக்கு. 1946-ல் அவர் டெக்சாஸ் பல்கலைக்கழகச் சட்டக் கல்லூரியில் சேர விண்ணப்பித்தார். கறுப்பினத்தவர் என்பதால் இடம் மறுத்தார்கள். வழக்குப் போட்டதும், அவரைச் சேர்க்காமல் இருப்பதற்காகவே மாநில அரசு ஆஸ்டினில் சில அறைகளைப் பிடித்துத் தனியாக ஒரு சட்டக் கல்லூரி தொடங்கியது. உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. ஸ்வெட்டைச் சேர்த்துக்கொள்ளச் சொன்னது.

இன்னொன்று, ஓக்லஹோமா பல்கலைக்கழகத்தில் கல்வியியலில் முனைவர் பட்டம் படிக்கப் போன ஜார்ஜ் மெக்லாரினுடைய வழக்கு. அறுபது வயதைத் தாண்டிய ஆசிரியர் அவர். நீதிமன்றம் சொன்னதால் 1948-ல் சேர்த்துக்கொண்டார்கள். ஆனால் வகுப்பறைக்குள் விடவில்லை. பக்கத்து அறையில் உட்கார்ந்து, வாசல் வழியாகப் பாடம் கேட்க வேண்டும். நூலகத்தில் மற்றவர்கள் படிக்கும் கூடத்துக்குப் போகக் கூடாது, மாடியில் ஒரு தனி மேசை. கேன்டீனில் தனி மேசை, தனி நேரம். பிறகு வகுப்பறைக்குள்ளேயே இடம் கொடுத்தபோது, கறுப்பினத்தவருக்கு என்று எழுதிய பலகையோடு கம்பித் தடுப்புப் போட்டு, அதற்குள் உட்கார வைத்தார்கள். அதே பாடம், அதே ஆசிரியர், அதே புத்தகம் கிடைக்கிறதே, என்ன குறை என்று பல்கலைக்கழகம் வாதாடியது.

தலைமை நீதிபதி பிரெட் வின்சன் எழுதிய அந்தத் தீர்ப்பு சில பக்கங்கள்தான். நேரம் கிடைக்கும்போது படித்துப் பாருங்கள். இந்தக் கட்டுப்பாடுகள் அவருடைய படிப்பையே கெடுக்கின்றன, சக மாணவர்களோடு விவாதிக்கவும் கருத்துப் பரிமாறவும் தன் தொழிலைக் கற்கவும் தடையாக இருக்கின்றன என்று நீதிமன்றம் சொன்னது. சக மாணவர்களோடு சேர்ந்து உழைப்பதும் படிப்பின் ஒரு பகுதிதான் என்று 1950-லேயே ஒத்துக்கொண்டார்கள். அதோடு வின்சன் இன்னொன்றையும் சேர்த்தார். அரசு போட்ட தடையை எடுத்தாலும் தனிமனிதர்களின் விருப்பு வெறுப்பு மறையாமல் போகலாம், ஆனால் சக மாணவர்கள் தன்னை ஏற்கும்படி செய்துகொள்ளும் வாய்ப்பை அரசே பறிக்கக் கூடாது என்றார்.

உங்கள் லேபில் நடப்பது இந்த இரண்டாவது விஷயம்தான். சட்டம் கம்பித் தடுப்பை எடுத்துவிட்டது. யாரோடு யார் சேர்வது என்பதை மட்டும் மாணவர்களின் விருப்பத்துக்கு விட்டுவிட்டோம். அந்த விருப்பம் மறுபடியும் ஒரு தனி மேசையைப் போட்டுவிடுகிறது. ஸ்வெட்டுக்கு நடந்ததும் இதுதான். வழக்கில் ஜெயித்துக் கல்லூரிக்குள் போனார். முதல் செமஸ்டரிலேயே அந்த வளாகத்தில் சிலுவையைக் கொளுத்தி மிரட்டினார்கள். வகுப்பில் வசவு கேட்டார். உடம்பும் கெட்டு, குடும்பமும் உடைந்து, 1952-ல் பட்டம் வாங்காமலே வெளியேறினார். உச்ச நீதிமன்றத்தில் ஜெயித்த ஒருவரை ஒரு வகுப்பறை தோற்கடித்தது என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் மனது ஆறுவதில்லை.

அதனால்தான் உங்களிடம் அழுத்திச் சொல்கிறேன். டிஏ என்பது சின்ன வேலை, நான் என்ன செய்துவிட முடியும் என்று நினைக்காதீர்கள். அந்த இரண்டு மணி நேரத்துக்கு, அந்த அறையில் யார் எங்கே உட்கார வேண்டும் என்று முடிவு செய்பவர் நீங்கள். துணைவேந்தருக்குக்கூட அந்த அதிகாரம் அவ்வளவு நேரடியாகக் கிடையாது.

முதல் வேலை, "நீங்களே குழு சேர்ந்துகொள்ளுங்கள்" என்று சொல்வதை நிறுத்துங்கள். இனிமேல் குழுக்களை நீங்களே போடுங்கள். இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். எல்லோருக்கும் ஒரே விதி, யாரையும் தனியாகச் சுட்டிக்காட்டும் பேச்சே வேண்டாம். குழுவுக்குள்ளும் வேலையைச் சுழற்றுங்கள். ஒரு வாரம் கோடு எழுதுபவர் அடுத்த வாரம் சோதித்துப் பார்ப்பவர், அதற்கடுத்த வாரம் அறிக்கை எழுதுபவர். இணைந்து புரோகிராம் எழுதும்போது விசைப்பலகையில் கை வைப்பவரைக் கால் மணிக்கு ஒருமுறை மாற்றச் சொல்லலாம். கோடில் நடக்கும் மாற்றங்களைச் சேமித்துவைக்கும் கிட் (Git) பதிவைத் திறந்தாலே யார் எவ்வளவு எழுதினார்கள் என்று தெரிந்துவிடும். மதிப்பெண் போடும் நாளில், குழுவில் யாரை வேண்டுமானாலும் கூப்பிட்டு, கோடில் எந்தப் பகுதியை வேண்டுமானாலும் விளக்கச் சொல்வீர்கள் என்று முன்கூட்டியே அறிவியுங்கள். இப்படி ஒரு விதி வந்துவிட்டால், ஒருவரை ஸ்லைடு போட உட்கார வைப்பது குழுவுக்கே நஷ்டம். மாணவர்களின் மனம் மாறும்வரை காத்திருக்க வேண்டியதில்லை, அமைப்பை மாற்றினால் நடத்தை அன்றே மாறத் தொடங்கும். அமைப்பை மாற்றியவுடன் எல்லோரும் தோழமையாகிவிடுவார்கள் என்று நான் சொல்லவில்லை. சேர்ந்து வேலை செய்யாதவர்களுக்குத் தோழமை வர வழியே இல்லை என்று சொல்கிறேன்.

அசைன்மென்ட் வாங்கும் கேன்வாஸ் (Canvas) தளத்தில் பெயரை மறைத்துவிட்டுத் திருத்தும் வசதி இருக்கிறது. அதைப் பயன்படுத்துங்கள்.

இனி, பேராசிரியர் விஷயம். இது கொஞ்சம் கஷ்டமானது, ஏனென்றால் உங்கள் சம்பளமும் பரிந்துரைக் கடிதமும் அவர் கையில் இருக்கின்றன. அவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது இப்போது நோக்கமில்லை. ஒரு மாணவருடைய கோடை மட்டும் சோதிப்பது தவறு என்பதை அவர் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். ஒரு மின்னஞ்சல் எழுதுங்கள்: "நீங்கள் சொன்னபடி சோதித்தேன், எதுவும் இல்லை. இனி எல்லா அசைன்மென்ட்டையும், எல்லா மாணவர்களுடையதையும் காப்பியைக் கண்டுபிடிக்கும் மாஸ் (MOSS) மென்பொருளில் ஓட்டிவிடலாம் என்று நினைக்கிறேன். ஒருவருடையதை மட்டும் சோதித்தால் பின்னால் நம் மீது கேள்வி வரும்." கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். அது மிரட்டல் இல்லை, உண்மை. பெரும்பாலான பேராசிரியர்கள் இதற்குச் சரி என்று சொல்லிவிடுவார்கள். சிலர் வெட்கப்படுவார்கள். யாராவது கோபப்பட்டால் அதுவும் எழுத்தில் இருக்கட்டும். அந்த நல்ல அசைன்மென்ட்டுக்கு உரிய மதிப்பெண் தாமதமில்லாமல் பதிவாகிவிட்டதா என்பதையும் பாருங்கள். சந்தேகம் தீர்ந்த பிறகும் மதிப்பெண் நிலுவையில் கிடப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

அடுத்தமுறை யாராவது அந்த மாதிரி வாய்விட்டால், நீளமான பிரசங்கம் வேண்டாம். பிரசங்கம் செய்தால் முப்பது பேரும் அந்த மாணவரைத் திரும்பிப் பார்ப்பார்கள், அவருக்கு அது இரண்டாவது அடி. குரலை உயர்த்தாமல், சொன்னவனைப் பார்த்து, "இந்த லேபில் அப்படிப் பேசக் கூடாது. வேலையைத் தொடருங்கள்" என்று சொன்னால் போதும். பிறகு வகுப்பு முடிந்ததும் அவனைத் தனியாக நிறுத்தி, ஏன் அது தவறு என்று பேசுங்கள். சிரித்த அந்த இரண்டு இந்தியப் பையன்களிடமும் பேசுங்கள். அவர்களிடம் நீங்கள் பேசுவதற்குக் கூடுதல் எடை உண்டு.

அந்த நேரத்தில் வாய் வராமல் போவது சகஜம்தான். பதறிப்போய் உறைந்துவிடுவோம். அதனால் அந்த ஒரு வரியை இங்கிலீஷில் வீட்டிலேயே உரக்கச் சொல்லிப் பழகிக்கொள்ளுங்கள். ஆலோசகர்களுக்குப் பயிற்சி கொடுக்கும்போது நாங்களும் இப்படித்தான் செய்ய வைக்கிறோம்.

சரி, அவரிடம் என்ன பேசுவது. உங்கள் கடிதத்தில் என் மனம் அதிகம் தங்கியது இந்தக் கேள்வியில்தான்.

வகுப்பில் மற்றவர்கள் முன்னால் பேசாதீர்கள். "ஏன் வருவதில்லை?" என்று கேட்டும் தொடங்காதீர்கள், அது விசாரணை மாதிரி ஒலிக்கும். இரண்டு வரி மின்னஞ்சல் அனுப்புங்கள்: அவருடைய அந்த அசைன்மென்ட்டில் எந்தப் பகுதி உங்களுக்குப் பிடித்தது என்று குறிப்பாகச் சொல்லி, மாணவர்களைச் சந்திக்க நீங்கள் ஒதுக்கியிருக்கும் நேரத்தில் (ஆபீஸ் ஹவர்) வர முடியுமா என்று கேளுங்கள். வந்தால், முதலில் படிப்பைப் பற்றிப் பேசுங்கள். அப்புறம் சொல்லுங்கள்: "அன்றைக்கு அவன் கேட்டதை நானும் கேட்டேன். அப்போதே நிறுத்தியிருக்க வேண்டும், நிறுத்தவில்லை. மன்னியுங்கள். குழு போடும் முறையை மாற்றிவிட்டேன்." இவ்வளவுதான். உங்கள் குற்ற உணர்வை விரிவாகச் சொல்லாதீர்கள். சொன்னால் அவர்தான் உங்களுக்கு ஆறுதல் சொல்ல வேண்டியிருக்கும். கறுப்பின மாணவர்கள் இதில் ஏற்கெனவே களைத்துப்போனவர்கள். மற்றவர்களின் சங்கடத்தைத் தீர்த்துவைப்பதே அவர்களுக்கு ஒரு தனி வேலையாகிவிட்டது.

உங்கள் ஊர் அனுபவத்தை எழுதியிருந்தீர்கள். அது உங்கள் கண்ணைத் திறந்துவைத்திருக்கிறது, நல்லது. ஆனால் அவரிடம், "நீ படும் பாடு எனக்கும் தெரியும், எங்கள் ஊரில் சாதி என்று ஒன்று இருக்கிறது" என்று ஆரம்பிக்க வேண்டாம். அவர் கதை நடுவில் உங்கள் கதையாகிவிடும். பழகி, அவரே கேட்டால் அப்போது சொல்லுங்கள்.

அவர் எதுவும் சொல்லாமல், "எல்லாம் ஓகே" என்று எழுந்து போய்விடலாம். அப்படிப் போனால் தோல்வி என்று நினைக்காதீர்கள். உங்களை நம்ப அவருக்குக் காரணம் எதுவும் இதுவரை கிடைக்கவில்லை. அவர் தலைமுறை எந்தச் சூழலில் வளர்கிறது என்றும் பாருங்கள். 2018 மே மாதம் யேல் பல்கலைக்கழகத்தில், தன் விடுதியின் பொது அறையில் படித்துக்கொண்டே கண்ணயர்ந்த ஒரு கறுப்பின முதுநிலை மாணவியைப் பார்த்து, சக மாணவி ஒருவர் போலீஸைக் கூப்பிட்டார். வந்த போலீஸ், அவர் அங்கே படிப்பவர்தான் என்று நிரூபிக்கச் சொன்னது. 2024 நவம்பரில் அதிபர் தேர்தல் முடிந்த கையோடு, பல மாநிலங்களில் கறுப்பின மாணவர்களின் போனுக்கு, பருத்தி எடுக்க நீ தேர்வாகியிருக்கிறாய், தோட்டத்துக்கு வந்து சேர் என்கிற மாதிரியான அனாமதேயக் குறுஞ்செய்திகள் வந்தன. பள்ளிப் பிள்ளைகளுக்குக்கூட வந்தன. எஃப்பிஐ வரை போன விஷயம். அடிமைத்தனத்தை நினைவூட்டி இப்படி ஒரு செய்தி வந்த போனை வைத்துக்கொண்டு மறுநாள் வகுப்புக்கு வந்தவர்கள் அவர்கள். இரவு லேபில் ஐடி கேட்டது அவருக்கு எப்படி இருந்திருக்கும் என்பதை அதோடு சேர்த்து யோசித்துப் பாருங்கள். அப்படி நடக்கும்போது நீங்கள் அங்கே இருந்தால், போலீஸோடு வாக்குவாதம் வேண்டாம். "இவர் என் வகுப்பு மாணவர், நான் இந்த லேபின் டிஏ" என்று உங்கள் ஐடியையும் சேர்த்து நீட்டுங்கள். நேரத்தையும் அதிகாரியின் பெயரையும் குறித்துவைத்து, அவர் கேட்டால் கொடுங்கள்.

அவருடைய வேலையில் குறை சொல்ல வேண்டி வரும்போது எப்படிச் சொல்வது என்பதிலும் கவனம் வேண்டும். பாராட்டி மழுப்பினால், என்னிடம் இவர் எதிர்பார்ப்பதே இவ்வளவுதான் என்று தோன்றும். வெட்டிப் பேசினால் மற்றவர்களைப் போலத்தான் இவரும் என்று தோன்றும். டேவிட் யேகரும் சக உளவியலாளர்களும் 2014-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதற்கு உதவும். ஏழாம் வகுப்பு மாணவர்களின் கட்டுரைகளை ஆசிரியர்கள் திருத்தி, ஒரு பாதி மாணவர்களுக்கு ஒரு சின்னக் குறிப்பைச் சேர்த்தார்கள். "என் எதிர்பார்ப்பு உயர்ந்தது, உன்னால் அதை எட்ட முடியும் என்று தெரியும், அதனால்தான் இந்தத் திருத்தங்கள்" என்பது அதன் சாரம். கறுப்பின மாணவர்களில் கட்டுரையை மறுபடி எழுதிக் கொடுக்க முன்வந்தவர்கள், சாதாரணக் குறிப்புப் பெற்றவர்களில் 17 சதவீதம்தான், இந்தக் குறிப்பைப் பெற்றவர்களில் 70 சதவீதத்துக்கும் மேல். வயது வேறு, பாடம் வேறு என்றாலும் என் அனுபவத்தில் கல்லூரியிலும் இது வேலை செய்கிறது. நீங்கள் மனதார நம்பிச் சொன்னால் மட்டும்தான்.

முக்கியமான ஓர் எச்சரிக்கை. அவர் மனம் திறப்பதற்கு முன்பே, உங்களிடம் சொல்வது எதுவரை ரகசியம் என்பதைச் சொல்லிவிடுங்கள். பல பல்கலைக்கழகங்களில் டிஏக்கள் சில வகைப் பாகுபாட்டைக் கேள்விப்பட்டால் மேலே தெரிவித்தே ஆக வேண்டும். உங்கள் நியமனக் கடிதத்திலோ பயிற்சிக் குறிப்பிலோ இருக்கும், பாருங்கள். ஆலோசனை மையத்தில் சொல்வது ரகசியமாக இருக்கும் என்பதையும் அவரிடம் சொல்லுங்கள். புகார் கொடுப்பதா வேண்டாமா என்பது அவர் முடிவு. அவரை வற்புறுத்தாதீர்கள். அவருடைய மதிப்பெண், வருகை போன்ற விவரங்களை வெளியே யாரிடமும் பேசக் கூடாது, உங்கள் அறை நண்பர்களிடமும்கூட. 1974-ன் மாணவர் பதிவுச் சட்டம் அதைத் தடுக்கிறது.

சட்டத்தைப் பற்றிச் சுருக்கமாக. டெக்சாஸில் 2024 ஜனவரி 1 முதல் எஸ்பி 17 என்ற சட்டம் நடைமுறையில் இருக்கிறது. அரசுப் பல்கலைக்கழகங்களின் பன்முகத்தன்மை அலுவலகங்கள் அதனால் மூடப்பட்டன. இனி இதைப் பற்றிப் பேசவே முடியாது என்று பலர் தப்பாக நினைக்கிறார்கள். வகுப்பில் கற்பித்தலுக்கும் மாணவர் சங்கங்களுக்கும் அந்தச் சட்டத்திலேயே விலக்கு உண்டு. அதைவிட முக்கியம், 1964-ன் சிவில் உரிமைச் சட்டத்தில் டைட்டில் சிக்ஸ் என்ற பகுதி அப்படியே இருக்கிறது. மத்திய அரசின் பணம் வாங்கும் எந்தக் கல்வி நிறுவனமும் இனம், நிறம், பூர்விக நாடு ஆகியவற்றை வைத்துப் பாகுபாடு காட்டக் கூடாது. பல்கலைக்கழகத்தில் அதற்குப் பொறுப்பான அலுவலகம் இன்றும் இருக்கும், பெயர்தான் வேறாக இருக்கும். மத்தியக் கல்வித் துறையின் சிவில் உரிமை அலுவலகத்துக்கும் புகார் அனுப்பலாம். சம்பவம் நடந்து 180 நாளுக்குள் அனுப்ப வேண்டும். பாதிக்கப்பட்டவரே அனுப்ப வேண்டும் என்பதில்லை. 2025-ல் அந்த அலுவலகத்தின் 12 வட்டாரக் கிளைகளில் 7 மூடப்பட்டுவிட்டதால் அங்கே சீக்கிரம் தீர்வு வரும் என்று எதிர்பார்க்காதீர்கள். அதனால்தான் லேபுக்குள் உங்கள் கையில் இருப்பதை முதலில் சொன்னேன்.

விசா. உங்கள் பயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. 2025 வசந்தத்தில் ஆயிரக்கணக்கான வெளிநாட்டு மாணவர்களின் செவிஸ் (வெளிநாட்டு மாணவர்களுக்கான அரசுப் பதிவேடு) பதிவுகள் திடீரென்று ரத்தாகி, நீதிமன்றம் வரை போன பிறகு திரும்பின. எல்லோரும் பயந்துபோயிருக்கிறோம். ஆனாலும் குழு போடும் முறையை மாற்றுவது, பேராசிரியருக்கு மின்னஞ்சல் எழுதுவது, மாணவரிடம் மன்னிப்புக் கேட்பது, பல்கலைக்கழக அலுவலகத்துக்குத் தெரிவிப்பது இவையெல்லாம் உங்கள் வேலையின் பகுதி. இவற்றில் எதுவும் எஃப்-1 மாணவர் விசா விதியை மீறாது. புகார் சொன்னவரைப் பழிவாங்குவதையும் டைட்டில் சிக்ஸ் தடை செய்கிறது. தேதி போட்டு, நடந்ததை மட்டும் எழுதிவையுங்கள். சமூக வலைத்தளத்தில் எழுத வேண்டாம். சந்தேகம் இருந்தால் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்திலோ மாணவர்களுக்கான சட்ட உதவி மையத்திலோ முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

உங்கள் நண்பர்கள் சொல்லும் கோட்டா பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நம்மவர்கள் வீடுகளில் இந்தப் பேச்சு அதிகம். அமெரிக்கப் பல்கலைக்கழகச் சேர்க்கையில் இனவாரியாக இடம் ஒதுக்குவது பாக்கி (Bakke) என்பவரின் வழக்கில் 1978-ல் வந்த தீர்ப்போடு சட்டவிரோதமாகிவிட்டது. இனத்தைப் பல அம்சங்களில் ஒன்றாகப் பார்க்கலாம் என்றிருந்ததையும் 2023 ஜூன் மாதம் உச்ச நீதிமன்றம் நிறுத்திவிட்டது. டெக்சாஸிலோ 1997 முதல், உயர்நிலைப் பள்ளியில் முதல் வரிசையில் வரும் மாணவர்களுக்கு அரசுப் பல்கலைக்கழகத்தில் தானாகவே இடம் கிடைக்கும் சட்டம் இருக்கிறது. உங்கள் மாணவர் தன் பள்ளியில் முதல் பத்து சதவீதத்தில் வந்து சேர்ந்தவராக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. கட்-ஆஃப் கேட்டு உங்களை எடைபோட்டவர்கள் எப்படி உங்கள் மூளையைப் பார்க்கவில்லையோ, அதேபோல் உங்கள் நண்பர்களும் அவருடைய மூளையைப் பார்க்கவில்லை. இதை அவர்களிடம் அப்படியே சொல்லுங்கள்.

இன்னொன்றும் சொல்லுங்கள். 1946 சட்டப்படி, இந்தியாவிலிருந்து குடியேற ஆண்டுக்கு 100 பேருக்குத்தான் அமெரிக்கா அனுமதி கொடுத்தது. அந்தக் கதவு அகலமாகத் திறந்தது 1965-ல். கறுப்பின மக்கள் தெருவில் இறங்கி அடிவாங்கி, சிறை போய், 1964-ன் சட்டத்தை வாங்கிய அதே காலத்தில்தான் இனவாரியான குடியேற்ற ஒதுக்கீடும் ஒழிந்தது. டைட்டில் சிக்ஸில் உள்ள "பூர்விக நாடு" என்ற பாதுகாப்பு, நாளைக்கு உங்கள் உச்சரிப்பைக் கேட்டு யாராவது உங்களை ஒதுக்கினால் உங்களுக்கும் உண்டு. நமக்கெதுக்கு வம்பு என்று சொல்லும் நண்பர்கள் அந்தப் போராட்டத்தின் பலனில்தான் அங்கே வாடகைக்கு வீடு எடுத்துத் தங்கியிருக்கிறார்கள்.

அவர் இந்த லேபை விட்டு வேறு பிரிவுக்கு மாற விரும்பினால் தடுக்காதீர்கள், பாடத்தை விடாமல் மாற வழி இருக்கிறதா என்று பாடத்திட்ட ஆலோசகரிடம் விசாரித்துக் கொடுங்கள். கறுப்பின இன்ஜினியர்களின் தேசியச் சங்கம், 1975-ல் பர்டூ பல்கலைக்கழகத்தில் மாணவர்களே தொடங்கியது, அதன் கிளை உங்கள் வளாகத்திலும் இருக்கக்கூடும். அவருக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கலாம், இருந்தாலும் ஒருமுறை சொல்லிவையுங்கள். பேச்சில் நம்பிக்கையே போய்விட்டது, இருந்து என்ன பயன் என்கிற மாதிரி ஏதாவது வந்தால் அதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அன்றைக்கே ஆலோசனை மையத்தின் அவசர எண்ணைக் கூப்பிடுங்கள், நள்ளிரவானால் 988 என்ற மனநல நெருக்கடி உதவி எண்ணுக்குப் போன் செய்யலாம், குறுஞ்செய்தியும் அனுப்பலாம். முடிந்தால் கூடவே நடந்து போய் அவரை மையத்தில் விட்டுவிட்டு வாருங்கள். நீங்களும் தூக்கமில்லாமல் இருப்பது உங்கள் கடிதத்தில் தெரிகிறது. அதே மையம் முதுநிலை மாணவர்களுக்கும் உண்டு, உங்களுக்கும் ஒரு நேரம் வாங்கிக்கொள்ளுங்கள். பேராசிரியருக்கான மின்னஞ்சலை மட்டும் அடுத்த லேபுக்கு முன்னால் அனுப்பிவிடுங்கள்.